கோபுரத்தை விடுங்கள், புகைபோக்கியைப் பாருங்கள்: ஆங்கிலேயச் செங்கல் மாளிகை பற்றி ஓர் எளிய விளக்கம்

இங்கிலாந்தின் பழைய செங்கல் மாளிகை ஒன்றின் படம் எங்கேனும் கண்ணில் பட்டால், கூடவே அதைப் பற்றிய பேச்சும் வந்துவிடும். கோட்டை என்பார் ஒருவர். கல் வாங்க வசதியில்லாதவன் செங்கல்லில் கட்டிக்கொண்டது என்பார் இன்னொருவர். சுவரில் தெரியும் சாய்சதுரக் கோலங்கள் வெறும் அலங்காரத்துக்குப் பூசிய வண்ணம் என்று நினைப்பவர்களும் உண்டு. இவை மூன்றும் பெரும்பாலும் தவறு.

இவற்றைவிடப் பெரிய தவறு, பார்க்கவேண்டிய இடத்தைப் பார்க்காதது. எல்லோரும் வாசல் கோபுரத்தைப் படம் எடுக்கிறார்கள். வீட்டின் வரலாறோ கூரைக்கு மேலே நிற்கும் புகைபோக்கிகளில் இருக்கிறது. அறைகள் ஏன் அப்படி அமைந்தன, கூடத்தின் மேல் மாடி எப்போது வந்தது, தலைவாசல் ஏன் ஓரத்திலிருந்து நடுவுக்கு நகர்ந்தது என்று எதைக் கேட்டாலும், அடியில் இருப்பது ஒரே கேள்விதான்: அடுப்புப் புகை எந்த வழியாக வெளியே போகிறது?

பேச்சு அந்தரத்தில் தொங்காமலிருக்க ஒரு வீட்டைக் கையில் வைத்துக்கொள்வோம். இங்கிலாந்தின் கிழக்கே, நார்ஃபோக் மாவட்டத்தில் இருக்கும் ஆக்ஸ்பரோ ஹால். 1482-இல் நான்காம் எட்வர்டு மன்னரிடம் அனுமதி பெற்று சர் எட்மண்ட் பெடிங்ஃபீல்ட் என்பவர் கட்டியது. சுற்றிலும் நீர் நிறைந்த சதுர அகழி, நடுவே முற்றம், வடக்கு முகத்தில் ஏறத்தாழ 80 அடி உயரச் செங்கல் வாசல் கோபுரம். வேண்டிய இடத்தில் மற்ற வீடுகளையும் எட்டிப் பார்ப்போம்.

மேனர் வீடு என்றால் எது?

ஆக்ஸ்பரோ போன்ற வீடுகளை மேனர் வீடு என்பார்கள். 'மேனர்' என்பது கட்டடத்தின் அளவைக் குறிப்பதல்ல. அது ஒரு நிலவுடைமை அலகு. ஒரு பிரபுவுக்கு உரிய நிலங்கள், அவற்றில் பயிரிடும் குடியானவர்கள், அவர்கள் தரவேண்டிய வாரமும் உழைப்பும், அவர்களுடைய சில்லறை வழக்குகளை விசாரிக்கும் உரிமை ஆகிய எல்லாம் சேர்ந்தது மேனர். அதன் உரிமையாளர் இருக்கும் வீடு மேனர் வீடு. சில மேனர் வீடுகள் நம் ஊர்ப் பெரிய பண்ணை வீட்டைவிடச் சிறியவை. சில, அரண்மனைக்குச் சவால் விடுபவை.

ஆகவே இது ஒரு குடும்பம் மட்டும் வாழ்ந்த வீடல்ல. கணக்குப் பார்க்கும் இடமும், வழக்கு விசாரிக்கும் இடமும், வேலையாட்கள் உண்டு உறங்கும் இடமும் அதுவே. இத்தனையும் நடந்தது ஒரே பெரிய அறையில். அதைப் பெருங்கூடம் என்று அழைப்போம்.

பெருங்கூடத்துக்கு மேல்முனை, கீழ்முனை என்று இரண்டு உண்டு. மேல்முனையில் தரையைவிடச் சற்று உயர்ந்த மேடை. பிரபுவின் குடும்பம் அங்கே அமர்ந்து உண்ணும். அதற்குப் பின்னால் குடும்பத்தின் தனியறைகள். கீழ்முனையில் வெளிக்கதவு. கதவைத் திறந்ததும் குளிர்காற்று நேரே கூடத்துக்குள் பாயாமலிருக்க ஒரு மரத் தடுப்பு. அந்தத் தடுப்புக்கு அப்பால், ரொட்டி வைக்கும் அறை, பானங்கள் வைக்கும் அறை, சமையலறைக்குப் போகும் வழி. தீ விபத்துக்கு அஞ்சிச் சமையலறையைக் கூடுமானவரை தள்ளியே வைத்தார்கள். சாப்பாடு பிரபுவின் மேடைக்கு வந்து சேர்வதற்குள் எவ்வளவு ஆறிப்போயிருக்கும் என்பதைக் கட்டியவர்கள் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை.

இதில் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். கதவு கூடத்தின் கீழ்முனையில் இருப்பதால், வெளியிலிருந்து பார்க்கும்போது அது முகப்பின் நடுவில் வராது. ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கும். பழைய மேனர் வீடுகளின் முகப்பு கோணல்மாணலாகத் தெரிவது கைத்திறன் குறைவால் அல்ல.

புகையோடு வாழ்ந்த கூடம்

விறகடுப்பு எரியும் ஓட்டுவீட்டுச் சமையற்கட்டை நினைத்துக்கொள்ளுங்கள். புகைபோக்கி இல்லை. புகை மேலே எழும்பி, ஓடுகளின் இடுக்குகள் வழியாகக் கசிந்து வெளியேறும். விட்டமும் கைமரமும் கரிபிடித்துக் கிடக்கும். அடுப்பருகே குந்தியிருப்பவருக்குக் கண் எரிச்சல் குறைவு. எழுந்து நின்றால் தாங்காது. கூரை எவ்வளவு உயரமோ அவ்வளவு நிம்மதி. அடுப்புக்கு நேர் மேலே பரண் அடித்தால் புகை கீழேயே தங்கிவிடும்.

இடைக்கால ஆங்கிலேயப் பெருங்கூடமும் இதே முறையில்தான் இயங்கியது. கூடத்தின் நடுத்தரையில் திறந்த கணப்பு. அதில் பெரிய கட்டைகள் எரியும். புகை கூரையை நோக்கி ஏறி, அங்கே விட்டிருக்கும் ஒரு திறப்பு வழியாக வெளியேறும். கென்ட் மாவட்டத்தில் உள்ள பென்ஸ்ஹர்ஸ்ட் மாளிகையில் 1341-இல் கட்டிய கூடத்தை இன்றும் பார்க்கலாம். எண்கோண வடிவக் கணப்பு தரையின் நடுவில் அப்படியே இருக்கிறது. தலைக்கு மேலே ஏறத்தாழ 60 அடி உயரத்தில் மரக்கூரை. அது கல் கட்டடம்தான், ஆனால் புகைக்குக் கல்லென்றும் செங்கல்லென்றும் பேதமில்லை.

அந்த உயரம் பிரமிப்பூட்டுவதற்காக மட்டும் வந்ததல்ல. சூடான காற்று கனம் குறைந்தது, ஆகவே மேலே போகிறது. போகும் வழியில் ஆறிவிட்டால் தொங்கி நிற்கிறது. மனிதர்களின் தலைக்கு மேலே புகை தங்க இடம் வேண்டும் என்பதற்காகவே கூடம் கூரை வரை திறந்திருந்தது. விளைவு, வீட்டிலேயே பெரிய அறையின் மேல் மாடி போட முடியாது. வீடு நடுவில் இரண்டாகப் பிளந்து கிடக்கும்: மேல்முனைப் பக்கம் ஒரு மாடி, கீழ்முனைப் பக்கம் ஒரு மாடி, இடையே புகைக்காக ஒதுக்கிய வெற்றிடம்.

சுருக்கமாகச் சொன்னால், திறந்த கணப்பு இருக்கும்வரை கூடம் உயரமாகவும் ஒற்றைத் தளமாகவும் இருந்தாக வேண்டும். கதவு ஓரத்தில் இருக்கும். இந்த முடிச்சை அவிழ்த்ததில் செங்கல்லுக்குப் பெரும்பங்கு உண்டு.

செங்கல் ஏழையின் கல்லா?

ரோமானியர்கள் பிரிட்டனில் செங்கல் சுட்டார்கள். அவர்களுடைய ஆட்சி 5-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஓய்ந்தபின் அந்தத் தொழிலும் நின்றுபோயிற்று. பல நூற்றாண்டுகள் ஆங்கிலேயர்கள் புதிய செங்கல் சுடவில்லை. செயின்ட் ஆல்பன்ஸ் நகரத் தேவாலயத்தின் 11-ஆம் நூற்றாண்டுக் கோபுரம், இடிந்த ரோமானிய நகரத்திலிருந்து பெயர்த்தெடுத்த செங்கற்களால் எழுந்தது. சஃபோக் மாவட்டத்தின் லிட்டில் வென்ஹாம் ஹால், 13-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தது, செங்கல்லில் கட்டிய மிகப் பழைய ஆங்கிலேய வீடுகளில் ஒன்று.

15-ஆம் நூற்றாண்டில் செங்கல் மீண்டும் பரவியபோது அது நெதர்லாந்துப் பக்கத்திலிருந்து வந்த புதுமோஸ்தர். கடலுக்கு அக்கரையில் இருந்த பணக்கார வணிக நகரங்கள் செங்கல்லில் மின்னின. இக்கரையில் இருந்த பிரபுக்களுக்கும் ஆசை வந்தது. லிங்கன்ஷயரில் நல்ல சுண்ணாம்புக்கல் கிடைக்கும். இருந்தும் மன்னரின் பொருளாளர் ரால்ஃப் கிராம்வெல் 1430-களில் டேட்டர்ஷால் கோட்டையின் பெரும் கோபுரத்தைச் செங்கல்லில்தான் எழுப்பினார். கஜானாவையே கையில் வைத்திருந்தவர் கல்லுக்கு வசதியில்லாமல் செங்கல்லுக்குப் போனார் என்று யாரும் சொல்ல முடியாது.

நார்ஃபோக்கில் ஆசையோடு அவசியமும் சேர்ந்துகொண்டது. அங்கே பூமிக்கடியில் பெரும்பாலும் சீமைச்சுண்ணாம்பும் சிக்கிமுக்கிக் கல்லும்தான் உண்டு. செதுக்கத் தகுந்த கல்லை வேறு மாவட்டத்திலிருந்தோ பிரான்சின் நார்மண்டியிலிருந்தோ படகில் கொண்டுவர வேண்டும். களிமண்ணுக்குப் பஞ்சமே இல்லை. இலையுதிர் காலத்தில் மண் வெட்டிக் குவிப்பார்கள். குளிர்காலப் பனி கட்டிகளை உடைத்துப் பக்குவப்படுத்தும். வசந்தத்திலும் கோடையிலும் அச்சில் அறுத்து, காயவைத்து, விறகிட்டுச் சூளையில் சுடுவார்கள். பெரும்பாலும் கட்டுமிடத்துக்கு அருகிலேயே சூளை. அக்காலச் செங்கல் இன்றையதைவிட மெல்லியது, கனம் இரண்டு அங்குலத்தை ஒட்டியிருக்கும். கையால் அறுத்ததால் ஒன்றுபோல் ஒன்று இராது. அந்த ஏற்றத்தாழ்வைச் சமன்செய்யக் கனமான சுண்ணாம்புச் சாந்து இட்டுக் கட்டினார்கள்.

சுவரும் அதன் கோலமும்

செங்கல்லைப் படுக்கையாக வைத்தால் அதன் நீளப்பக்கம் வெளியே தெரியலாம். அல்லது குறுகிய முனை மட்டும் தெரியலாம். முதலாவதை நீளக்கல் என்றும் இரண்டாவதைக் குறுக்குக்கல் என்றும் வைத்துக்கொள்வோம். சுவர் முழுதும் நீளக்கற்களாகவே அடுக்கினால், முன்னால் ஒரு தோல், பின்னால் ஒரு தோல் என்று இரண்டு மெல்லிய சுவர்கள் ஒட்டாமல் நிற்கும். குறுக்குக்கல் சுவரின் கனத்துக்குள் நுழைந்து இரண்டையும் பிணைக்கிறது. இந்த அடுக்கு முறைக்குப் பிணைப்பு என்று பெயர்.

ஒரு வரிசை முழுதும் நீளக்கல், அடுத்த வரிசை முழுதும் குறுக்குக்கல் என்று மாறிமாறி வந்தால் அது இங்கிலீஷ் பாண்ட். 15-ஆம் நூற்றாண்டில் மெல்ல நிலைபெற்று, டியூடர் வம்சம் ஆண்ட காலத்தில் (1485–1603) வழக்கமாகிவிட்ட முறை. நம் பாலிடெக்னிக்குகளில் கட்டடக்கலை மாணவர்கள் முதலில் படிப்பதும் இதைத்தான். ஒரே வரிசையிலேயே நீளக்கல்லும் குறுக்குக்கல்லும் அடுத்தடுத்து வந்தால் அது ஃபிளெமிஷ் பாண்ட். இங்கிலாந்தில் அது 17-ஆம் நூற்றாண்டில்தான் பரவியது; 1631-இல் கட்டிய கியூ அரண்மனை அதன் தொடக்ககால உதாரணம். ஆகவே சுவரின் பிணைப்பைப் பார்த்தே ஒரு பகுதியின் காலத்தை ஓரளவு ஊகிக்கலாம். பிற்காலத்தில் சேர்த்த அறை பல நேரங்களில் இப்படித்தான் மாட்டிக்கொள்கிறது.

இனி அந்தச் சாய்சதுரக் கோலம். விறகுச் சூளையில் தீக்கு மிக அருகில் இருந்த கற்கள் அளவுக்கு மீறி வெந்துபோகும். விறகுச் சாம்பலில் உள்ள பொட்டாசியம் உப்புகள் அந்தச் சூட்டில் களிமண்ணோடு சேர்ந்து கண்ணாடிபோல் உருகிப் படியும். தீயை நோக்கியிருந்த முனை கருநீலமாகிப் பளபளக்கும். கஞ்சனான கட்டடக்காரன் அவற்றை வீணென்று ஒதுக்கியிருப்பான். இவர்களோ அந்தக் கருமுனை வெளியே தெரியுமாறு குறுக்குக்கல்லாக வைத்து, வரிசைக்கு வரிசை ஓரிடம் நகர்த்திச் சிவப்புச் சுவரில் சாய்சதுரங்கள் வரைந்தார்கள். லெஸ்டர்ஷயரின் கெர்பி மக்ஸ்லோவில் ஹேஸ்டிங்ஸ் பிரபு தன் பெயரின் முதலெழுத்துகளையே இப்படிச் சுவரில் பதிக்கச் செய்தார். 1483-இல் அவர் தலை வெட்டப்பட்டது. கட்டடம் அரைகுறையாக நின்றுவிட்டது. சில இடங்களில் சுவருக்குக் காவி பூசி, சாந்துக் கோடுகளை வெள்ளையால் இழுத்துத் திருத்தியதும் உண்டு. ஆனால் கோலத்தின் ஆதாரம் சூளையில் கருகிய கல்தான்.

புகைபோக்கி செய்த வேலை

இப்போது முடிச்சுக்கு வருவோம். கணப்பைக் கூடத்தின் நடுவிலிருந்து எடுத்துச் சுவரோரம் வைத்து, அதன் மேலே குறுகலான செங்குத்துக் குழாய் ஒன்றைக் கூரைக்கு மேல்வரை கட்டினால் என்ன ஆகும்? குழாய்க்குள் இருக்கும் காற்று சூடாகிக் கனம் குறைகிறது. வெளியே இருக்கும் குளிர்ந்த காற்று கனமானது. கனமான காற்று அறை வழியாகக் கணப்புக்குள் புகுந்து, சூடான காற்றையும் புகையையும் மேலே தள்ளுகிறது. குழாய் உயர உயர இந்த இழுப்பு வலுக்கிறது. புகைபோக்கிகள் கூரையைத் தாண்டி அவ்வளவு ஓங்கி நிற்பதற்கு முதல் காரணம் இதுதான். அழகு அதற்குப் பின்னர் வந்தது.

கல் புகைபோக்கிகள் இதற்கு முன்பே கோட்டைகளில் இருந்தன. பிரபுவின் தனியறையில் சுவர்க்கணப்பும், கூடத்தில் திறந்த கணப்பும் ஒரே வீட்டில் அக்கம்பக்கமாக இருந்ததும் உண்டு. செங்கல் கொண்டுவந்த மாற்றம், இதை எளிதாக்கியது. ஏற்கனவே தீயில் வெந்த பொருள் என்பதால் நெருப்புக்கு அஞ்சாது. சிறுசிறு துண்டுகளாக இருப்பதால் வளைந்து, ஒடுங்கி, திரும்பிப் போகும் குழாயை அதைக்கொண்டு கட்டலாம். மரச்சட்ட வீடுகளில்கூட நடுவே ஒரு செங்கல் தண்டைச் செருகிவிடலாம்.

வில்லியம் ஹாரிசன் என்ற எசெக்ஸ் பாதிரியார், தம் ஊர்க் கிழவர்கள் தங்கள் வாழ்நாளில் கண்ட மாபெரும் மாற்றங்களில் ஒன்றாகப் புகைபோக்கிகளின் பெருக்கத்தைச் சொன்னதாக 1577-இல் எழுதினார். அவர்களின் இளமையில் பிரபுக்களின் வீடுகளைத் தவிர்த்தால் ஊருக்கு இரண்டு மூன்று இருந்தாலே அதிகமாம். அவருக்கு இந்த மாற்றத்தில் முழுத் திருப்தியும் இல்லை: புகைபோக்கி வந்தபின் எல்லோருக்கும் சளியும் தலைவலியும் பிடிக்கிறது, அந்தக் காலத்துப் புகைதான் உடம்புக்கு மருந்து என்று அலுத்துக்கொள்கிறார். அந்தக் காலம்போல் வருமா என்ற புலம்பல் எந்தக் காலத்திலும் உண்டு போலும்.

புகைக்குத் தனி வழி கிடைத்ததும் கூடத்தின் உயரத்துக்கு அவசியம் போயிற்று. நடுவே தளம் போட்டு மாடி கட்டினார்கள். மாடியில் விருந்தினர் அறை, அதற்கொரு கணப்பு. படுக்கையறை, அதற்கும் ஒன்று. குடும்பம் கூடத்தை விட்டு அறைகளுக்குள் ஒதுங்கியது. கூடம் வேலையாட்கள் உண்ணும் இடமாகி, பிறகு வெறும் நுழைவறையாகச் சுருங்கியது. 1600-ஐ ஒட்டிக் கதவும் முகப்பின் நடுவுக்கு வந்து, இருபுறமும் ஒத்த ஜன்னல்கள் அமைந்தன. ஹாட்ஃபீல்ட், பிளிக்லிங் போன்ற 17-ஆம் நூற்றாண்டின் தொடக்ககாலச் செங்கல் மாளிகைகளில் நாம் காணும் சமச்சீரான முகப்பு, புகை அகன்ற வீட்டின் முகம்.

ஒரு நடைமுறைக் குறிப்பு. ஒவ்வொரு கணப்புக்கும் தனிக் குழாய் வேண்டும். இரண்டைச் சேர்த்தால் ஒன்றின் புகை மற்றதன் அறையில் இறங்கும். கூரைக்கு மேல் ஒவ்வொரு குழாயும் ஒரு தூணாக நின்றால், தூண்களை எண்ணி உள்ளே இருக்கும் கணப்புகளை ஏறத்தாழக் கணக்கிடலாம். நார்ஃபோக்கின் ஈஸ்ட் பார்ஷம் மாளிகையில் தூண்கள் கொத்தாக நிற்கின்றன, விதவிதமான அச்சுச் செங்கல் வேலைப்பாட்டோடு. இத்தனை அறைகளைச் சூடாக்க என்னிடம் விறகு இருக்கிறது என்று ஊருக்கே அறிவிக்கும் ஏற்பாடு அது. அரசாங்கமும் சும்மா இருக்கவில்லை. 1662 முதல் 1689 வரை கணப்பு ஒன்றுக்கு ஆண்டுக்கு இரண்டு ஷில்லிங் வரி வசூலித்தது.

கோட்டை வேஷம் போட்ட வாசல்

ஆக்ஸ்பரோவின் கோபுரத்தை இப்போது பார்த்தால் வேறுவிதமாகத் தெரியும். உச்சியில் பல்வரிசைபோன்ற கைப்பிடிச் சுவர், இருபக்கமும் எண்கோணக் கோபுரங்கள், சுற்றிலும் அகழி. எல்லாம் போர்க்கோலம். ஆனால் வாசல் வளைவுக்கு நேர் மேலே அகலமான ஜன்னல்கள்! முற்றுகையை எதிர்பார்ப்பவன் தன் தலைவாசலின்மேல் கண்ணாடி பதிப்பானா? 1482-இன் அனுமதி, அந்தப் பல்வரிசைச் சுவர் கட்டிக்கொள்ள மன்னர் தந்த உரிமம். அக்காலத்தில் அது பாதுகாப்புக்கு வாங்கியதைவிட அந்தஸ்துக்கு வாங்கியதே அதிகம். உள்ளே போனால் கோபுரத்துக்குள் முழுதும் செங்கல்லாலேயே சுழன்றேறும் படிக்கட்டு. எனக்கு அந்தக் கைவேலை வெளிமுகப்பைவிட உயர்ந்ததாகப் படுகிறது.

எசெக்ஸின் லேயர் மார்னியில் இந்த ஆசை உச்சத்துக்குப் போனது. 1520-களில் மார்னி பிரபு ஆக்ஸ்பரோவுக்கு நிகராக ஓங்கிய வாசல் கோபுரத்தைச் சுடுமண் அலங்காரங்களோடு எழுப்பினார். 1523-இல் அவர் இறந்தார். 1525-இல் மகனும் போனார். வாசல் வந்துவிட்டது, அதற்குப் பின்னால் வரவேண்டிய வீடு முழுமையாக வரவேயில்லை.

ஆக்ஸ்பரோவில் நடந்தது இதற்கு நேரெதிர். வாசலுக்கு எதிரே, முற்றத்தின் தென்புறம் இருந்த பெருங்கூடத்தை 1775-இல் இடித்துவிட்டார்கள். வீட்டின் உயிர்நாடியாக இருந்த அறை இன்று இல்லை. காவல் காத்த வாசல் மட்டும் எல்லாப் படங்களிலும் நிற்கிறது. மேனர் வீடு என்றால் கோட்டை என்ற எண்ணம் வேரூன்றியதற்கு இது ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

பழையதுபோல் தெரிவதெல்லாம் பழையதல்ல

புகைபோக்கியைப் பாருங்கள் என்றேன். அதிலும் ஒரு எச்சரிக்கை வேண்டும். ஆக்ஸ்பரோவின் கூரைமேல் முறுக்கிய அலங்காரத்தோடு நிற்கும் சுடுமண் புகைபோக்கிகளைப் பார்த்து டியூடர் என்று வியப்பவர்கள் உண்டு. அவை 19-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. 1830-களில் ஜே. சி. பக்லர் என்ற கட்டடக் கலைஞர் வீட்டைப் புதுப்பித்தபோது, டியூடர் வீடு எப்படி இருக்க வேண்டும் என்று அக்காலத்தவர் நினைத்தார்களோ அப்படிச் சேர்த்தார். விக்டோரியா காலத்துக்கு முறுக்குப் புகைபோக்கி மீது தனி மோகம். வீட்டின் வயதைப் புகைபோக்கியின் அலங்காரத்தைக்கொண்டு கணிக்கக் கூடாது. அது வீட்டுக்குள் எந்த இடத்திலிருந்து கிளம்புகிறது என்று பார்க்க வேண்டும்: மாடித்தளமும் கணப்பும் ஒரே காலத்துச் சுவரோடு பிணைந்து வந்தனவா, அல்லது கரிபிடித்த பழைய கூரைமரங்களுக்குக் கீழே பின்னாளில் செருகியவையா?

பழுதுபார்ப்பிலும் ஒரு தவறான நம்பிக்கை நெடுநாள் நிலவியது. சுண்ணாம்புச் சாந்து உதிர்ந்த இடத்தில் சிமென்ட் அடைத்தால் சுவர் உறுதிப்படும் என்பது அது. பழைய செங்கல் மென்மையானது, ஈரத்தை உறிஞ்சும். சுண்ணாம்புச் சாந்து அதைவிட மென்மையாக இருப்பதால், உள்ளே போன ஈரம் சாந்துக் கோடுகள் வழியாக ஆவியாகிவிடும். தேய்வதும் சாந்தாகவே இருக்கும், சில தலைமுறைக்கு ஒருமுறை அதை மாற்றிக்கொள்ளலாம். சிமென்ட் அந்த வழியை அடைத்துவிடுகிறது. ஈரம் செங்கல்லுக்குள்ளேயே தங்கி, குளிர்காலத்தில் உறைந்து விரிந்து, கல்லின் முகத்தையே பெயர்த்துத் தள்ளும். சாந்து மட்டும் வரம்புபோல் துருத்திக்கொண்டு நிற்க, கற்கள் உள்வாங்கிக் குழிவிழுந்த பழைய சுவரைக் கண்டால், அங்கே சிமென்ட் புகுந்திருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும்.